நெல் காய்ந்தால் எடை எவ்வளவு குறையும்?
குழுவில் சந்தேகம் வராமல் இருக்க ஒரு கணக்குப் பாடம்



நான் போய்வரும் ஒரு குழுவில் அறுவடை நேரத்தில் உறுப்பினர்களிடமே 25 மூட்டை நெல் வாங்கினார்கள். மூட்டைக்கு 40 கிலோ, மொத்தம் 1000 கிலோ. காய வைத்து, இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்கலாம் என்பது திட்டம். நெல்லை ஓர் அக்கா வீட்டுக் களத்தில் காய வைத்தார்கள். வாங்கும்போது ஈரப்பதம் 22 சதவீதம், காய்ந்த பிறகு 14 சதவீதம். மறுபடி எடை போட்டால் 905 கிலோதான் இருந்தது.

கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "22-ல 14 போனா 8. நூத்துக்கு 8-னா ஆயிரத்துக்கு 80 கிலோதானே குறையணும்? 920 இருக்கணும். மீதி 15 கிலோ எங்க போச்சு?" அந்த அக்கா அழுதுவிட்டார். "இனிமே நான் குழுவுக்கே வரல" என்று எழுந்துவிட்டார்.

தப்பு அக்காவிடம் இல்லை, கணக்கில்தான் இருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

ஈரப்பதம் 22 என்றால், 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர், 78 கிலோ நெல்லின் சத்துப்பொருள். வெயிலில் போவது தண்ணீர் மட்டுமே. 78 கிலோ சத்துப்பொருள் அப்படியே இருக்கும். காய்ந்து ஈரப்பதம் 14 ஆகும்போது, நூறில் 86 பங்கு சத்துப்பொருளாக இருக்க வேண்டும். நெல்லின் மொத்த எடையே குறைந்துவிடுவதால், 14 சதவீதம் என்பதை அந்தக் குறைந்த எடைக்குத்தான் பார்க்க வேண்டும். வெறுமனே 22-ல் 14-ஐக் கழித்தால் கணக்கு தப்பும்.

கணக்குப் போடும் முறை:

1. 100-ல் ஈர நெல்லின் ஈரப்பதத்தைக் கழியுங்கள். 100 – 22 = 78
2. 100-ல் காய்ந்த நெல்லின் ஈரப்பதத்தைக் கழியுங்கள். 100 – 14 = 86
3. ஈர நெல்லின் எடையை 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுங்கள். 1000 × 78 ÷ 86 = 907 கிலோ

ஆக, தண்ணீராகப் போனது 93 கிலோ. இருந்தது 905. மீதி 2 கிலோ சிந்தியதும், குருவி தின்றதும், பதர் போனதும்தான். இதைத் தீர்மான நோட்டில் போட்டுக் காட்டியதும் எல்லோரும் அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்கள்.

100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் மிஞ்சுவது:

ஈரப்பதம் 24 என்றால் – 88.4 கிலோ
ஈரப்பதம் 22 என்றால் – 90.7 கிலோ
ஈரப்பதம் 20 என்றால் – 93 கிலோ
ஈரப்பதம் 18 என்றால் – 95.3 கிலோ

ஈரமாக விற்பதா, காய வைத்து விற்பதா?

உதாரணத்துக்கு, வியாபாரி ஈர நெல்லுக்குக் கிலோ 18 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோவுக்கு 18,000 ரூபாய். காய்ந்தால் 907 கிலோதான். 18,000-ஐ 907-ஆல் வகுத்தால் 19 ரூபாய் 85 காசு. அதற்கு மேல் கிடைத்தால்தான் லாபம். காய வைத்த கூலியையும் சேர்த்துப் பாருங்கள்.

அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் போடுவதாக இருந்தால், பொதுவாக ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அந்த அளவில் நம் 1000 கிலோ 940 கிலோவாக இருக்கும். அங்கே போட 14 வரை காய வைத்தால் 33 கிலோவுக்கு விலை இல்லாமல் போகும். வீட்டில் இருப்பு வைக்க மட்டும் 14-க்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

மறக்காதீர்கள்: காய வைக்கும் முன்பும் பின்பும், இரண்டு உறுப்பினர் முன்னிலையில், ஒரே தராசில், சாக்கு எடையைக் கழித்து எடை போடுங்கள். ஈரப்பதத்தையும் மீட்டரில் பார்த்து அன்றே நோட்டில் எழுதுங்கள்.

வீட்டுக் கணக்கு: 500 கிலோ நெல், ஈரப்பதம் 20. அதை 14-க்குக் காய வைத்தால் எவ்வளவு இருக்கும்? அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் போட்டுப் பாருங்கள். (விடை: 465 கிலோ)

கணக்கு தெரிந்தால் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத குழு உடையாது!