அவர் இனி வரமாட்டார்: சிறுபிள்ளைக்கு மரணத்தைச் சொல்வது எப்படி?



வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டால் பெரியவர்களுக்கு ஆயிரம் அலுவல்கள். உறவினருக்கு அறிவிக்க வேண்டும். சுவாமியாரைக் காண வேண்டும். சேமக்காலையில் ஒழுங்குகள் செய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, “அம்மம்மா எங்கே?” என்று கேட்கும். “அம்மம்மா நித்திரை கொள்ளுறா” என்கிறோம். “தூர இடத்துக்குப் போயிட்டா” என்கிறோம். பிள்ளை அழாதிருந்தாற் போதும் என்பது எமது எண்ணம். பிள்ளையோ அன்றிரவு நித்திரைக்குப் போகவே அஞ்சுகிறது; அல்லது தூர இடத்திலிருந்து அம்மம்மா எப்போது வருவா என்று நாட்கணக்கில் வாசலைப் பார்த்திருக்கிறது.

இக்கேள்விக்கு நேரிய விடை கொடுத்த பொம்மலாட்டத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

கடைக்கார முதியவர்

பள்ளி செல்லும் வயதை எட்டாத சிறாருக்கு எழுத்தையும் எண்ணையும் நற்பழக்கங்களையும் கற்பிப்பதற்கென அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி தொடங்கியது ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் நிகழ்ச்சி. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் ஜோன் கான்ஸ் கூனி என்னும் பெண்மணி. அதன் பொம்மைகளை உருவாக்கியவர் ஜிம் ஹென்சன். நியூயோர்க் நகரத் தெரு ஒன்றைப் போல் அமைக்கப்பட்ட அரங்கில் மனிதரும் பொம்மைகளும் அயலவர்களாக வாழ்வார்கள்.

அத்தெருவில் ‘பிக் பேர்ட்’ என்றொரு மஞ்சட் பறவை உண்டு. உயரம் எட்டடி இரண்டு அங்குலம்; உள்ளமோ ஆறு வயதுப் பிள்ளையினது. அதனுள் நின்று அதனை இயக்கிக் குரலும் கொடுத்தவர் கரோல் ஸ்பின்னி என்னும் கலைஞர். தெருவிற் கடை வைத்திருந்தவர் மிஸ்டர் ஹூப்பர் என்னும் முதியவர். பறவைத் தீனி கலந்த மில்க் ஷேக் குடிப்பதற்கு பிக் பேர்ட் அவரிடம் வரும். ஆனால் அவருடைய பெயர் அதன் வாயில் நுழைவதில்லை. ‘லூப்பர்’ என்றோ வேறு ஏதோ சொல்லும். “ஹூப்பர், ஹூப்பர்” என்று அவர் திருத்துவார்.

ஹூப்பராக நடித்தவர் வில் லீ. முதல் நாளிலிருந்தே அந்நிகழ்ச்சியில் இருந்த அவர், 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி தமது 74ஆவது வயதில் மாரடைப்பாற் காலமானார்.

நிகழ்ச்சியை நடத்தியவர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வேறொரு நடிகரை அவ்விடத்தில் நிறுத்தலாம். ஹூப்பர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். அல்லது உள்ளதை உள்ளபடி சொல்லலாம். சிறுவர் உளவியல் அறிந்தோரிடமும் சமயம் சார்ந்த அறிஞரிடமும் ஆலோசனை கேட்டு, அவர்கள் மூன்றாம் வழியைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த நாளின் கதை

நோர்மன் ஸ்டைல்ஸ் எழுதிய அந்நிகழ்ச்சி 1983ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. அது அமெரிக்கரின் நன்றியறிதல் பெருநாள். அன்று விடுமுறையாதலால் பெற்றோரும் வீட்டிலிருப்பர். பிள்ளை கேட்கும் கேள்விக்கு அருகிலிருந்து விடை சொல்வர் என்பதாலேயே அந்நாளைத் தெரிவு செய்தார்கள்.

பிக் பேர்ட் தன் பெரியவர்களான நண்பர் ஒவ்வொருவரையும் படமாக வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. எல்லாரும் மகிழ்கிறார்கள். கடைசிப் படம் ஹூப்பருடையது. அவர் வந்ததும் கொடுப்பேன் என்கிறது பறவை. எல்லாரும் மௌனமாகிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று முன்பே சொன்னோமே என அவர்கள் நினைவூட்டுகிறார்கள். ஆம், நினைவிருக்கிறது, ஆனால் அவர் திரும்பி வரும்போது கொடுப்பேன் என்கிறது அது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று மெதுவாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் கடையை யார் பார்ப்பார்? எனக்கு மில்க் ஷேக் யார் தருவார்? கதை யார் சொல்வார்? டேவிட் என்னும் இளைஞர், கடையை ஹூப்பர் தமக்கு விட்டுச் சென்றதாகவும், தாமே எல்லாம் செய்து தருவதாகவும் சொல்கிறார். ஆனாலும் முன்போல இராதே என்று பறவை வருந்துகிறது. ஆம், முன்போல இராதுதான். ஆனால் அவரோடு வாழவும் அவரை நேசிக்கவும் எமக்குக் கிடைத்ததே என்கிறார் பொப் என்பவர். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அது அப்படித்தான் என்பதற்கு மேல் எவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இறுதியிற் பறவை அப்படத்தைப் பார்த்து விடைபெறும்போதும் பெயரைத் தவறாகவே சொல்கிறது. அன்று திருத்தியவர் மரியா. அங்கே நின்ற நடிகர்களின் கண்ணீர் நடிப்பன்று. உண்மையில் ஒரு நண்பரை இழந்தவர்கள் அவர்கள். அப்படங்களை வரைந்தவரும் ஸ்பின்னியே.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, ‘இறந்துவிட்டார்’ என்னும் சொல்லைத் தயங்காமற் சொன்னார்கள். நித்திரை என்றும் பயணம் என்றும் மூடி மறைக்கவில்லை.

இரண்டாவது, ஒருமுறை சொன்னதோடு நிறுத்தவில்லை. நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மரணம் மீளாதது என்பது உடனே விளங்காது. நேற்றுச் சொன்னதை இன்றும் கேட்கும். அது பிடிவாதமன்று. சலிக்காமல் அதே விடையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நோய் என்றோ வைத்தியசாலை என்றோ அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் நோய் வருமல்லவா? வெறுமனே ‘வருத்தம் வந்து செத்தார்’ என்றால், காய்ச்சல் வரும்போதெல்லாம் பிள்ளை தானும் சாகப்போவதாக நடுங்கும். நாம் காரணம் சொல்ல நேர்ந்தால், அது சாதாரண காய்ச்சல், தடிமன் போன்றதன்று என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

நான்காவது, ‘என்னை யார் பார்ப்பார்?’ என்னும் பயத்துக்கு விடை கொடுத்தார்கள். பறவையின் கேள்வி தன்னலம் போலத் தோன்றலாம். சிறுபிள்ளையின் துக்கம் அப்படித்தான் வெளிப்படும். அம்மம்மா இல்லாவிட்டால் சோறு தீத்துவது யார், பாலர் வகுப்புக்குக் கூட்டிச் செல்வது யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்.

ஐந்தாவது, பெரியவர்கள் பிள்ளையின் முன் கண்ணீர் விட்டார்கள். எமது கண்ணீரைக் காணும் பிள்ளை, அழுவது குற்றமல்ல என்று கற்றுக்கொள்ளும்.

எமது பங்கு

மறுவாழ்வைப் பற்றி அந்நிகழ்ச்சி ஒன்றும் சொல்லவில்லை. பல சமயத்துப் பிள்ளைகள் பார்ப்பதால், அதனை வேண்டுமென்றே பெற்றோருக்கு விட்டார்கள். அவ்விடத்தை எமது இல்லங்களில் உயிர்ப்பின் நம்பிக்கையால் நிரப்புவது எமது கடமை. ஆனால் நம்பிக்கையைக் கொண்டு மரணத்தை மறைக்கலாகாது. ‘ஆண்டவர் எடுத்துக்கொண்டார்’ என்று மட்டும் சொன்னால், அடுத்ததாக அம்மாவையும் எடுப்பாரோ என்று பிள்ளை அஞ்சக்கூடும்.

அருளப்பர் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தை நினைவிற் கொள்வோம். லாசரு துயில்கிறான் என்று இயேசு முதலிற் சொன்னபோது, சீடர்கள் அதனை வெறும் நித்திரை என்றே எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்களே பிழையாக விளங்கினால் சிறுபிள்ளை என்ன செய்யும்? ஆகவே அவர், லாசரு இறந்துவிட்டான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கல்லறையருகே கண்ணீர் விட்டார். நேரிய சொல், கண்ணீர், நம்பிக்கை என்னும் மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

அந்நிகழ்ச்சியின் முடிவில், பிக் பேர்ட் ஹூப்பரின் படத்தைத் தன் கூட்டருகே மாட்டுகிறது. பின்னர் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு கைக்குழந்தையைப் பார்க்க வருகிறது. நேற்று இல்லாதது இன்று வந்திருப்பதைக் கண்டு வியக்கிறது. படம் சுவரில் இருக்க, வாழ்வு தொடர்கிறது.

குடும்பத்திற் கலந்துரையாட

1. எமது வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பிள்ளைக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறோம்? திருத்த வேண்டியது ஏதும் உண்டா?

2. இறந்தவரின் பெயரைச் சாப்பாட்டு வேளையில் அச்சமின்றிச் சொல்கிறோமா, அல்லது தவிர்க்கிறோமா?

3. மரித்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் பிள்ளையையும் சேமக்காலைக்கு அழைத்துச் செல்வோமா? அம்மம்மாவின் படம் ஒன்றை வரையச் சொல்லி வீட்டில் மாட்டுவோமா?