கோமாளியை மனிதனாக்கிய நடிகர்

சேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிக'னில் வரும் ஷைலொக், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மேடையில் வெறும் சிரிப்புப் பாத்திரம். யூதன் என்றால் எள்ளி நகையாடலாம் என்பது அன்றைய வழக்கம். அதை உடைத்தவர் அயர்லாந்து நடிகர் சாள்ஸ் மக்ளின். ஒத்திகைகளில் வசனத்தை ஒப்புவித்துவிட்டு, தம் நடிப்பை ஒளித்தே வைத்திருந்தாராம். 1741 பெப்ரவரியில் ட்ரூரி லேன் அரங்கில் அவர் தோன்றியபோது, சிரிக்க வந்தவர்கள் உறைந்து போனார்கள். இப்பகுதியை வாசித்ததிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

ஆனால் அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. 1735இல், ஒரு பொய்முடிக்காக எழுந்த சண்டையில், சக நடிகர் தோமஸ் ஹாலத்தின் கண்ணில் கைத்தடியால் குத்தினார், ஹாலம் இறந்தார். நீதிமன்றம் அதைக் கொலையாகக் கொள்ளாமல், நோக்கமின்றி நேர்ந்த மரணமாகவே தீர்த்தது.

அதே மனிதரின் பெருந்தன்மையும் வியப்புக்குரியது. 1773இல் சிலர் கூட்டுச்சேர்ந்து கூச்சலிட்டு அவரை மேடையிலிருந்து விரட்டினர்; வேலையும் பறிபோனது. வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் நட்டஈட்டுக்குப் பதிலாக அவர் கேட்டது என்ன தெரியுமா? வழக்குச் செலவோடு, குற்றவாளிகள் 300 பவுணுக்கு நாடக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்! விரட்டியவர்களே சீட்டு வாங்க வேண்டும். இதைவிடக் கூரான நகைச்சுவை அவருடைய நாடகங்களில்கூட இருக்குமா? நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபுவும், இன்றுபோல் நீர் என்றுமே நடித்ததில்லை என்ற பொருளில் பாராட்டினாராம்.

1789இல், முதிய வயதில், மீண்டும் ஷைலொக்காக மேடையேறினார். வசனம் நினைவுக்கு வரவில்லை. சபையோரிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கியவர், பிறகு நடிக்கவேயில்லை.