வரும் வாரம் மழையா, கச்சானா?
வானிலை அறிவித்தலை வாசிக்க ஒரு பாடம்



வைகாசி பிறந்ததும் நம் எல்லாரிடமும் ஒரே கேள்விதான். நேற்றுப் பின்னேரம் பெய்த மழையை நம்பி விதைக்கலாமா? வானொலியில் வானிலை அறிவித்தல் போகிறது, கேட்கிறோம். "கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் மழை பெய்யலாம்" என்று முடிகிறது. அந்தச் சில இடங்களில் நமது இடமும் ஒன்றா என்பது தெரியாமல் எழுந்து போகிறோம். அந்த அறிவித்தலை எப்படிப் படிப்பது என்பதே இந்தப் பாடம்.

முன்னர் இப்பாடம் அவ்வளவு தேவைப்படவில்லை. ஓர் ஊரில் நாலு தலைமுறை இருந்தவர்களுக்கு அவ்வூர் வானம் தெரியும். ஆனால் வாகரை மக்கள் 2004 டிசம்பரில் கடலால் கலைந்தார்கள். 2006இன் பிற்பகுதியிலும் 2007 தொடக்கத்திலும் போரால் முழுதாகவே வெளியேறினார்கள். 2007 மார்ச்சுக்குப் பின் கட்டங் கட்டமாகத் திரும்பினார்கள். திரும்பாதவர்களும், வேறு ஊரில் காணி பெற்றவர்களும் உண்டு. வானத்தைப் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் பலர் இடையில் போய்விட்டார்கள். புதிய ஊரில் பழைய கணக்கும் பொருந்தாது. குடும்பிமலை மேற்கே தெரியும் ஊரில் கருக்கல் பார்த்து மழை சொன்னவர், கதிரவெளிக் கடற்கரையில் அதே கணக்கைப் போட்டால் பிழைக்கும். மலையின் திசையும் கடலின் தூரமும் மாறிவிட்டனவே!

முதலில் காற்றைப் பார்ப்போம். மார்ச், ஏப்ரல் மாதங்கள் இடைப்பருவம். காலை வெயில், பின்னேரம் இடிமழை. மே நடுப்பகுதிக்குப் பின் தென்மேல் பருவக்காற்று இலங்கையை எட்டத் தொடங்கும். அக்காற்று கடலில் அள்ளிய ஈரத்தோடு மேற்குக் கரையில் ஏறி, மத்திய மலைநாட்டில் மோதி மேலே எழுகிறது. எழும்போது குளிர்ந்து, களுத்துறை, இரத்தினபுரி, அற்றன் பக்கங்களில் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தைக் கொட்டிய காற்று மலைக்கு இப்பால் இறங்கி நம்மிடம் வருகிறது. முகிலோடு ஏறும்போது 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகை குளிரும் காற்று, வறண்டு இறங்கும்போது 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறும். அதனால் புறப்பட்ட இடத்தில் இருந்ததிலும் சூடாகவும் காய்ந்தும் அது நம்மை அடைகிறது. இதுதான் நாம் கச்சான் என்று சொல்லும் காற்று. (நிலக்கடலைக்கும் நம் பக்கத்தில் அதே பெயர்தான். ஒரு கச்சானை மற்றக் கச்சான் கருக்கிவிடுவது நமது கெட்டகாலம்.)

ஆகவே அறிவித்தலில் "மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பல தடவை மழை பெய்யும், மேற்குச் சரிவுகளில் பலத்த காற்று வீசும்" என்று வந்தால், அது நமக்கும் மழை வரும் என்பதற்கு அடையாளமல்ல. பெரும்பாலும் நேர்மாறானது. அங்கே பெய்யப் பெய்ய இங்கே காயும். 2003 மே 17இல் இரத்தினபுரிப் பக்கத்தை அழித்த வெள்ளமும், 2017 மே மாதக் கடைசியில் களுத்துறை, மாத்தறைப் பக்கங்களில் வந்த வெள்ளமும் இந்தத் தென்மேல் காற்றின் மழைதான்.

அப்படியானால் மே மாதத்தில் நமக்கு மழையே இல்லையா? உண்டு, ஆனால் கொஞ்சம். மட்டக்களப்பின் ஆண்டு மழை சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், சனவரியில் விழுந்துவிடும். மே மாதத்தின் பங்கு 50 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதுவும் பின்னேர இடிமழையாக வரும். பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே போகும். மேற்கேயிருந்து கச்சான் வரும். இரண்டும் முட்டும் இடத்தில் முகில் எழும். இந்த வகை மழை ஊர் பார்த்துப் பெய்யாது. மாங்கேணியில் கொட்டும்போது பால்சேனையில் தூசி பறக்கலாம். "சில இடங்களில், பிற்பகல் 2.00 மணிக்குப் பின்" என்ற சொற்கள் இதைத்தான் குறிக்கின்றன. "பல இடங்களில்" என்று சொன்ன நாளை வேறாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு நம்பிக்கை கூட.

இனி விதைக்கு வருவோம். நம்மில் பலரிடம் இருப்பது ஒரே ஒரு விதைக் கச்சான் மூட்டை. நிவாரணமாக வந்ததோ கடனில் வாங்கியதோ, அது போனால் மறு மூட்டை இல்லை. மணற்பாங்கான நிலத்தில் 10 மில்லிமீற்றர் மழை ஏறக்குறைய 4 அங்குல ஆழத்தை நனைக்கும். பார்த்தால் நல்ல ஈரமாகவே தெரியும். ஆனால் கச்சான் வீசும் நாளில் நிலத்திலிருந்து 5, 6 மில்லிமீற்றர் நீர் காற்றோடு போய்விடும். இரண்டு மூன்று நாளில் மேல்மண் பொரிந்துவிடும். கச்சான் விதை முளைத்து வெளியே வர ஒரு வாரமளவு வேண்டும். கணக்கு அங்கேதான் இடிக்கிறது. எனவே கிணறோ வாய்க்காலோ கைக்கெட்டாதவர்கள் மே மாதத்தின் ஒற்றை மழைக்கு விதைக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடிமண் கையில் பிடித்தால் உருண்டையாகி நிற்கவேண்டும். அதோடு வரும் மூன்று நாளுக்கும் மழை அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூன்று நாள் என்று சொல்வதற்குக் காரணமுண்டு. ஏழு நாள் அறிவித்தலில் முதல் இரண்டு மூன்று நாட்களே நம்பத்தக்கவை. ஆறாம், ஏழாம் நாளுக்குச் சொல்வது போக்கு மட்டுமே: காற்றுக் கூடுமா, மழை குறையுமா என்பதற்கு மேல் அதில் தேடக்கூடாது. அதனால் திங்கட்கிழமை கேட்டதை வைத்துக்கொண்டு ஞாயிறு வரை இருக்காமல், நாள்தோறும் புதிதாகக் கேட்கவேண்டும்.

கிணறு உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கடற்கரை மணலுக்கு அடியிலுள்ள நன்னீர், உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று நீங்களே பாருங்கள். கச்சான் வாரத்தில் இயந்திரம் போட்டு ஒரேயடியாக இறைக்காமல், காலையிலும் மாலையிலும் கொஞ்சங் கொஞ்சமாக இறையுங்கள். பாத்திக்கு வைக்கோலோ சருகோ மூடுங்கள். வேலியை அடைத்துக் கட்டினால் காற்றின் வேகமும் குறையும். வயல் வேலையைக் காலை 10 மணிக்குள் முடித்து, வெயில் சாய்ந்தபின் மீண்டும் தொடங்குவது உடம்புக்கு நல்லது.

வெருகல் பக்கத்தார் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. இங்கே துளி விழாதபோதும், மலைநாட்டில் பெருமழை பெய்து அணைகளின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், சில நாளில் ஆற்றில் நீர் உயரும். ஆகவே மலைநாட்டுச் செய்தி நமக்கல்ல என்று வானொலியை மூடிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு சொல்: "தாழமுக்கம்". மே மாதத்தில் வங்கக் கடலில் அது உருவாவது வழக்கம். இலங்கைக்குத் தூரத்தில், வடக்கே உருவானால் அது தென்மேல் காற்றை இழுத்து நமக்குக் கச்சானையே கூட்டும். இலங்கைக்கு அருகில் உருவானால் கதை வேறு. 2016 மே நடுப்பகுதியில், பின்னர் ரோனு எனப் பெயர்பெற்ற புயலின் தொடக்கம் நம் கரைக்கு அருகில் நின்றது. வடக்கே கிளிநொச்சிவரை பெருமழை கொட்டியது, அரநாயக்கவில் மலை சரிந்தது. எனவே "தாழமுக்கம்" என்று கேட்டவுடன் எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் நகர்கிறது என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். தோணி உள்ள வீட்டார் அன்றைய கடற்பகுதி எச்சரிக்கையைக் கேளாமல் இறங்கக்கூடாது. ஐயமிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம்; அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

குழுவாகக் கூடும்போது ஒரு வேலை செய்யுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமான பால்மாப் பேணி ஒன்றை, மரநிழல் படாத வெளியில் ஆடாமல் நிறுத்துங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, பாடசாலைப் பிள்ளை ஒருவரைக் கொண்டு கொப்பியில் எழுதுவியுங்கள். பக்கத்தில், முதல்நாள் வானொலி சொன்னதையும், காற்று வந்த திசையையும் எழுதட்டும். ஒரு மில்லிமீற்றர் என்பது ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லீற்றர் நீர். நான்கு வாரம் சென்றதும் கொப்பியை நடுவில் வைத்துப் பேசுங்கள். "சில இடங்களில்" என்று சொன்ன நாட்களில் எத்தனை நாள் நமது பேணியில் நீர் இருந்தது? கச்சான் எத்தனை மணிக்கு எழும்பியது? பக்கத்து ஊர்க் கொப்பி என்ன சொல்கிறது?