சபையை விட்டு வந்த மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மட்டாஞ்சேரியிலிருந்து பெரியம்மா எழுதுகிறேன். இனி ஆலயத்துக்குப் போவதில்லை, வேதமும் ஜெபமும் போதும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா போனில் அழுதாள். எனக்கு அழத் தோன்றவில்லை. திருமண்டலத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதையும், சாதி பார்த்துக் கமிட்டிக்கு ஆள் நிறுத்துவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. விசுவாசம் இல்லாதவளுக்கு இதெல்லாம் வலிக்காது.

நான் குடியிருக்கும் இந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். தோமா வழி வந்த சிரியன் கிறிஸ்தவர்களைப் போர்த்துக்கீசியர் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்த காலம். 1599இல் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். அவர்களுடைய வழிபாட்டைத் திருத்தினார். சிரியாக் நூல்கள் எரிக்கப்பட்டன. அரை நூற்றாண்டு பொறுத்தார்கள். 1652இல் அஹத்தல்லா என்ற கிழக்கத்திய ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்துவைத்துக் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல் கொச்சிக்கு வந்தபோது, முகத்தையாவது காட்டுங்கள் என்று ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். காட்டவில்லை. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. அது வதந்திதான், ஆனாலும் தாங்க முடியவில்லை. 1653 ஜனவரி 3ஆம் தேதி இங்கே மட்டாஞ்சேரியில் கல் குரிசின் முன் கூடி, பேராயர் கார்சியாவுக்கும் யேசு சபையாருக்கும் இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். எல்லாரும் குரிசைத் தொட இடமில்லாததால் அதில் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்களாம். பாரத்தில் குரிசு சாய்ந்ததால் கூனன் குரிசு என்று பெயர் வந்ததாக இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

அன்று அவர்கள் உதறியது ஒரு பேராயரின் அதிகாரத்தை. கிறிஸ்துவை உதறவில்லை. உன்னையும் அப்படித்தான் பார்க்கிறேன். உன்னைப் பின்வாங்கிப்போனவள் என்று யாராவது சொன்னால் தலை குனியாதே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வருஷம் மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள், அதாவது குருமார்கள், சேர்ந்து, தலைவராக இருந்த தோமா அர்க்கதியாக்கோன் தலையில் கைவைத்து அவரை ஆயராக்கினார்கள். சில வருஷங்களில் பெரும்பகுதியினர் ரோமாபுரியோடு திரும்பச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தவர்களும் பிற்காலத்தில் பல பிரிவானார்கள். அவர்களில் யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் ஆலயங்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு கல்லறை வாசலில் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமைக்காக 2020இல் கேரள அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

நம் சொந்த ஊர்ப் பக்கத்து மூக்குப்பீறியிலும் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் மிஷனரிகளை விட்டு விலகினார். விலகியவர் இந்துக் கிறிஸ்தவ சபை என்று இன்னொரு சபையைத்தான் கட்டினார். சென்னையில் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான செஞ்சையாவும் சக்கரையும் அவர்கள் நண்பர்களும் இன்னும் ஆழமாகப் போனார்கள். கிறிஸ்து இந்தியனுக்கு வேண்டும், மேற்கிலிருந்து வந்த சபை அமைப்பு அப்படியே வேண்டுமா என்று 1938இல் புத்தகம் போட்டுக் கேட்டார்கள். அவர்களை வாசி. உன் கேள்வி உனக்கு முன்பே கேட்கப்பட்டது என்று தெரிந்தால் தனிமை குறையும்.

நான் பயப்படுவது அந்தத் தனிமைக்குத்தான். கூனன் குரிசின் கயிற்றை யாரும் தனியாகப் பிடிக்கவில்லை. எபிரெயர் நிருபத்தைக் காட்டிச் சபை கூடிவருதலை விடலாமா என்று உன்னை மடக்குவார்கள். அந்த நிருபத்தை முதலில் கேட்டவர்களுக்குக் கோபுரமும் கமிட்டியும் கிடையாது. பிரிஸ்கில்லாள் வீடு மாதிரி யாராவது ஒருவர் வீட்டில்தான் கூடினார்கள். அப்படி ஒரு வீட்டைத் தேடு. உன் தப்பை உன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருத்தி அதில் இருக்க வேண்டும். போனில் பிரசங்கம் கேட்பதை இதற்கு ஈடாக நினைக்காதே. நீ காய்ச்சலில் படுத்தால் அந்தப் பிரசங்கியார் கஞ்சி கொண்டுவர மாட்டார். தசமபாகத்தையும் நிறுத்தாதே. ஆலயத்துக்குக் கொடுக்காவிட்டால், படிக்கக் காசில்லாத ஒரு பிள்ளைக்குக் கொடு.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நாளைக்கு உனக்குக் கல்யாணம் என்றால் ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். எங்களில் ஒருவர் கண் மூடினால் கல்லறைத் தோட்டத்துச் சாவி சேகரத்தின் கையில் இருக்கிறது. எம்.பி. பால் பெரிய இலக்கிய விமர்சகர். 1952இல் அவர் திருவனந்தபுரத்தில் இறந்தபோது, சபைக்கு அடங்காதவர்களுக்கென்று ஒதுக்கிய தெம்மாடிக்குழியில்தான் இடம் கிடைத்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தப் பாரம் உன் அப்பா அம்மா தலையிலும் விழும். ஆகவே சபைச் சந்தாவை நிறுத்துவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசு. கடிதத்தில் வேண்டாம், நேரில் பேசு.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன். எனக்கு அந்தப் பாட்டுகள் வேண்டும், பக்கத்தில் முழங்கால் போடும் கிழவிகள் வேண்டும். நீயும் வந்தே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸ் லீவுக்கு இங்கே வா, கூனன் குரிசு ஆலயத்துக்குப் போய்வருவோம். அதற்கு முன், நீ யாரோடு சேர்ந்து வேதம் வாசிக்கப்போகிறாய் என்று எனக்கு எழுது. இரண்டு பேராக இருந்தாலும் போதும். நான் தினமும் ஜெபத்தில் சொல்ல அவர்கள் பெயர் வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா