கம்பியும் வைஃபையும்: தோட்டத்து மோட்டாருக்கு ஒரு பாடம்

போன பங்குனியில் ஒரு ராத்திரி, என் கிணற்று மோட்டார் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு ‘நிறுத்து’ என்று கட்டளை போயிருக்க வேண்டும், போய்ச் சேரவில்லை. கோடைக் கிணறு, ஊற்று குறைவு. தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிட்டது. மோட்டார் பழசும் இல்லை, கரண்டிலும் கோளாறு இல்லை. கேபிள் இணைப்பையும் வைஃபையையும் நான் தப்பாகச் சேர்த்து வைத்ததுதான் காரணம். அந்தத் தப்பை நம் உழவர்கள் யாரும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி இருக்கிறது; உள்ளங்கை அளவுதான். அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. 2013-இல் தொடங்கிய இது திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. இணையம் அறுந்தாலும் தோட்டத்துக்குள் வேலை நடக்கும். நம் தண்ணீர்க் கணக்கு நம் வீட்டிலேயே இருக்கும். நாட்டு விதையை நம் குதிரிலேயே வைத்துக்கொள்வது மாதிரிதான். இதைத்தான் கீழே ‘சர்வர்’ என்கிறேன். மோட்டார் ரூமில் இஎஸ்பி 32 என்ற சிறு பலகை, ரிலே மூலம் ஸ்டார்ட்டரை இயக்குகிறது. தொட்டி மட்டமும் மண் ஈரமும் அளக்க சென்சார்கள் உண்டு.

இனி தப்பு எங்கே என்று பார்ப்போம். சர்வரில் கேபிள் சொருகவும் இடம் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது. வங்கியில் ஒரு கடனுக்கு ரெண்டு ஜாமீன் இருந்தால் நல்லது என்று பழகிய புத்தி. ஒன்று போனால் இன்னொன்று உதவுமே என்று ரெண்டையும் ஒரே ரூட்டரில் சேர்த்தேன். ரூட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி கொடுக்கும். கேபிளுக்கு 192.168.1.10, வைஃபைக்கு 192.168.1.11 என்று ஒரே வரிசையில் சர்வருக்கு ரெண்டு முகவரி ஆகிவிட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ரெண்டு கதவு எண் போட்ட கதைதான். ஒரு கதவில் வந்த தபாலுக்கு இன்னொரு கதவு வழியாகப் பதில் போகும். கருவிகளைத் தேடும் அழைப்பு ஒரு வழியில் மட்டும் போகும். சில கருவி தெரியும், சில தெரியாது. அன்று சாயங்காலம் பிளக் ஆடி ரூட்டர் அணைந்து எழுந்தது. அதற்குப் பிறகு மோட்டார் ரூம் பலகையை சர்வரால் பிடிக்க முடியவில்லை. திரையில் ‘தொடர்பில் இல்லை’ என்று காட்டிக்கொண்டிருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது.

1. சர்வருக்குக் கேபிள் மட்டும் போதும். ஹோம் அசிஸ்டன்ட் அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய் சர்வரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். முகவரி மாறாதபடி ரூட்டரிலேயே நிலைப்படுத்துங்கள். சென்சார்கள் வைஃபையிலேயே இருக்கட்டும். கம்பியும் வைஃபையும் சேர வேண்டிய இடம் ரூட்டர்; சர்வர் அல்ல.

2. சென்சார்களைத் தனி வைஃபையில் ஒதுக்கி வைக்க விரும்பினால் மட்டும் ரெண்டு இணைப்பும் வேண்டும். அப்போது வரிசையை மாற்றுங்கள்: கேபிள் 192.168.1 என்றால் வைஃபை 192.168.50 என்று இருக்கட்டும். வெளியே இணையத்துக்குப் போகும் வாசல், அதாவது கேட்வே, கேபிள் பக்கம் ஒன்று மட்டும். ஒரு வரிசையில் இருக்கும் கருவி அடுத்த வரிசைக்குத் தானாகத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. கட்டடத்துக்குள் கேபிள், கட்டடங்களுக்கு நடுவே வைஃபை. சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைவிட முக்கியம் இடி மின்னல். வீட்டிலிருந்து கிணற்றுக்குச் செம்புக் கம்பி போட்டால், மின்னல் பக்கத்தில் விழுந்தாலே அதிர்ச்சி கம்பி வழியாக ஓடி இரு முனைக் கருவிகளையும் பொசுக்கிவிடும். எதிரெதிராகப் பார்க்கும் ரெண்டு ஆண்டெனா வைக்கலாம். அல்லது உள்ளே உலோகமே இல்லாத கண்ணாடி இழை கேபிள் போடலாம்.

4. பயிரையும் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆண்டெனாவை மக்காச்சோளம் விதைக்கும்போது பார்த்து மாட்டினால், பயிர் ஆளுயரம் வந்ததும் சிக்னல் குறையும். பச்சைத் தழையில் உள்ள தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். தகரக் கூரையும் தகரக் கதவும் தடுக்கும். ஆண்டெனாவை வெளியே, உயரத்தில் மாட்டுங்கள். காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்தைத் தேசிய காற்றாற்றல் நிறுவனம் நம்ம கயத்தாறில் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் கம்பம் ஆடினால் ஆண்டெனா திசை திரும்பிவிடும். கம்பத்துக்கு இழுகம்பி கட்டுங்கள்.

5. மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை நெட்வொர்க்கிடம் ஒப்படைக்காதீர்கள். இதுதான் கருகிப்போன மோட்டார் எனக்குக் கற்றுத்தந்தது. ‘எது நடந்தாலும் 45 நிமிஷத்தில் நிறுத்து’ என்ற கணக்கு இப்போது மோட்டார் ரூம் பலகைக்குள்ளேயே இருக்கிறது. பலகை அணைந்து எழுந்தால் ரிலே நிறுத்திய நிலையில்தான் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் ஓவர்லோடு ரிலேயும் ஸ்டார்ட்டரில் தனியாக உண்டு. அவற்றுக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. ஸ்டார்ட்டர் வேலையை மட்டும் விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

எல்லாம் முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டார் ஓடும்போதே சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தோடு மோட்டார் ரூம் வாசலில் உட்காருங்கள். குறித்த நேரத்தில் அது தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அன்று ராத்திரி மோட்டாரை இதை நம்பிப் போடாதீர்கள்.