மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: வான்வழித் தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட பெற்றோர் பலர். அங்கே போக முதல்முறை டிக்கெட் போடும்போது, துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா என்ற கேள்வி வரும். தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

முதலில் புறப்படும் இடம். ராஜபாளையத்திலிருந்து நேர்கோட்டில் மதுரை விமான நிலையம் சுமார் 73 கி.மீ., திருவனந்தபுரம் 128 கி.மீ. திருவனந்தபுரத்துக்குக் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு என்று சுற்ற வேண்டும். மதுரையையே எடுத்துக்கொள்வோம்.

அடுத்து, பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, மதுரைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டிய வரைபடம் இதற்கு உதவாது. நூல் பசிபிக்கின் நடுவே போகாது. இமயமலை, சீனா தாண்டி சைபீரியாவின் வடகிழக்கு மூலைவரை ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி.

இனி எண்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். மதுரை 9.83 வடக்கு, 78.09 கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 37.62 வடக்கு, 122.38 மேற்கு, மேற்குக்குக் கழித்தல் குறி போடுங்கள். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கட்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். பிறகு அவற்றின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி, முதல் விடையோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகைக்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 128.8 டிகிரி வரும். அதை 111.2-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 14,325 கி.மீ.

ஆனால் நீங்கள் நேராகப் போகப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். துபாய் வழியாக 2,950, பிறகு 13,020, மொத்தம் 15,970. சிங்கப்பூர் வழியாக 3,015, பிறகு 13,580, மொத்தம் 16,595. மேற்கே பின்னால் போவதுபோலத் தோன்றும் துபாய்தான் 600 கி.மீ.க்கு மேல் கிட்ட! துபாயிலிருந்து குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது என்பதே காரணம். காற்றுக்கும் மூடிய வான்பரப்புகளுக்கும் ஏற்ப விமானம் சற்று விலகும்.

தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் பறக்கும் நேரம் தெரியும். 600 கி.மீ. என்பது முக்கால் மணி நேரம்கூட இல்லை. இடையில் காத்திருப்பது எட்டு மணி நேரம் என்றால் அந்த லாபம் போயே போய்விடும்.

அதனால் தூரத்தைவிட ஒன்றை முக்கியமாகப் பாருங்கள்: கடைசி ஊர்வரை ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம், அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். மதுரையிலிருந்து ஒரே டிக்கெட் கிடைக்காவிட்டால், வயதானவர்களைச் சென்னை போய் ஏறச் சொல்லுங்கள்.