வியாதிப்படுக்கையில் ஒரு தீர்க்கதரிசி



இம்மாத வேதபாடத்திற்கு 2 இராஜாக்கள் 13-ம் அதிகாரம் 14 முதல் 21 வரை வாசித்துக்கொள்ளுங்கள். எலியாவின் மேலிருந்த ஆவியின் வரத்தை இரட்டிப்பாய்க் கேட்டவன் எலிசா. சூனேமியாளின் மரித்த பிள்ளையை எழுப்பினவன். அப்பேர்ப்பட்டவன் வியாதியாய்ப் படுத்தான். அந்த வியாதியிலேயே மரித்தும் போனான். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று வேதம் எங்கேயாவது சொல்லுகிறதா? இல்லவே இல்லை! ராஜாவே இறங்கி வந்து அவன்மேல் அழுதான். மரணப்படுக்கையில் இருந்துகொண்டே எலிசா ராஜாவின் கைமேல் தன் கைகளை வைத்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அம்பு எய்யவைத்தான். படுக்கையிலும் அவன் ஊழியம் ஓயவில்லை பாருங்கள்.

இதை ஏன் எழுதுகிறேன்? வியாதியஸ்தரைச் சந்திக்கும் ஊழியத்தில் நான் போகிற வீடுகளில், பாலியேட்டிவ் கேர் என்று சொன்னதுமே, "ஐயோ பிரதர், அந்த நிலைமைக்கு இன்னும் வரலையே! அது டாக்டர் கைவிட்டவங்களுக்குத்தானே?" என்கிறார்கள். வேறு சிலர், வலி மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்று எண்ணி, ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக்கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னானே (2 இராஜா. 20:5-7). வாக்குத்தத்தமும் உண்டு, பற்றும் உண்டு.

கடும் வியாதியில் வரும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பயம், வீட்டாரின் பாரம் இவைகளைத் தணிப்பதே பாலியேட்டிவ் கேர். சிகிச்சையை நிறுத்திவிட்டு அல்ல, சிகிச்சையோடுகூடவே, வியாதி தெரிந்த ஆரம்பத்திலேயே தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2010-ல் வெளியானது. ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது; அவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.9 மாதம். எல்லா வியாதியிலும் ஆயுள் கூடும் என்று இதை வைத்துப் பிரசங்கித்துவிடாதீர்கள். ஆனால் சாவைச் சீக்கிரம் கூட்டிவரும் என்கிற பயம் வேண்டாம்.

மார்ஃபின் மாத்திரைக்கும் பயப்படுகிறார்கள். டாக்டர் அளந்து தருகிற அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிட்டால் அது அடிமைப்படுத்துவது அபூர்வம். மலச்சிக்கல்தான் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். வலி அடங்கினால்தான் மனுஷன் பிள்ளைகளோடு பேசவும், கூட உட்கார்ந்து ஜெபிக்கவும் முடியும்.

இனி சபையின் பங்குக்கு வருவோம். கேரளாவில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் கோழிக்கோட்டில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். பிற்பாடு மலப்புறம் ஜில்லாவில் ஊர் ஜனங்களே பயிற்சி பெற்று, தங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, நர்ஸுக்கு அறிவித்து, வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும் போனது. 2008-ல் கேரள அரசே இதைத் தன் கொள்கையாக்கியது. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்த நாலு பேர் டாக்டர்களா? (கூரையைப் பிரித்ததற்கு வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ!) அவர்களுடைய விசுவாசத்தைத்தானே இயேசு கண்டார்.

யாக்கோபு 5:14-ஐக் கவனியுங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை அழைக்கக்கடவன் என்பதே கட்டளை; சாகக்கிடக்கும்போது என்று அங்கே இல்லை. ஆகையால் பெரிய வியாதி என்று டாக்டர் சொன்ன அந்த வாரமே மூப்பருக்கு அறிவியுங்கள். பாலியேட்டிவ் கேர் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றும் அப்போதே விசாரியுங்கள்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையை நிறுத்து என்று யாரும் சொல்லாதிருங்கள். சத்தமாய் ஜெபிக்கும் முன்னே, "இப்ப வலி எப்படி இருக்குது ஐயா?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்கள்தான், வாயைத் திறந்தபோதுதான் கெட்டது. எழும்ப முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கைகொடுங்கள். பகலும் இரவும் பார்த்துக்கொள்ளுகிற மனைவியோ மகளோ தூங்கி எத்தனை நாளாயிற்றோ! அந்தச் சகோதரியைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, அதுவரை நீங்கள் கட்டிலருகே உட்காருங்கள்.